தையல் தெரியாத படகு

பழைய கதவுகளைச் சேர்த்து அடித்த மிதவைத் தளத்தின் மேல், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் தையல்காரரின் மனைவி. கதவு ஒன்றில் கழற்ற மறந்த தாழ்ப்பாள் அலைக்கு அலை கிணுகிணுக்கிறது. தளத்துக்கு அடியில், யாரோ வேண்டாமென்று போட்ட நான்கு பிளாஸ்டிக் பீப்பாய்கள். இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நிற்கும் தையல்காரர் பலகையில் காதை வைக்கிறார். மடக் மடக்கென்று ஒரு பீப்பாய் தண்ணீர் குடிக்கிறது. தையல் வெளியே தெரியக் கூடாது என்பது அவருடைய தொழில்புத்தி. அந்தப் புத்தியில்தான் பீப்பாய்களின் வாயையெல்லாம் உள்பக்கம் திருப்பி, மேலே பலகையை அறைந்து, தள்ளி நின்று அழகு பார்த்தார். இப்போது தோள்வரை கையை நுழைத்தும், தளர்ந்துபோன மூடியைத் திருகி இறுக்க இடமில்லை. உள்ளங்கையால் அழுத்தத்தான் முடிகிறது. அழுத்தினால் சத்தம் குறைகிறது. எடுத்தால் மறுபடியும் மடக்.

"எத்தனை வருஷமாச்சு, தண்ணிய இவ்ளோ கிட்டப் பாத்து," என்கிறாள் அவள். அசையாத கால்களின் மேல் வெயில் நெளிகிறது. "தள்ளுங்க, போலாம்." "கொஞ்சம் இரும்மா." "அடியில என்ன பண்றீங்க?" "ஒண்ணுமில்ல. ஒரு தையல் விட்டுப்போச்சு." "அதெல்லாம் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாம்." அவள் சிரிக்கிறாள். அவர் பக்கத்து மூலை மெல்ல இறங்குகிறது. நாற்காலியும் அவரை நோக்கிச் சாய்கிறது. ஒரு கை மூடியிலும் மறு கை சக்கரத்திலுமாக, தள்ள வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். தாழ்ப்பாள் ஒருமுறை கிணுங்குகிறது.

"ஆங், நகருது," என்கிறாள் அவள், அக்கரையைப் பார்த்தபடி.