பின்கழுத்தில் வெள்ளை

“இன்னும் கொஞ்ச நேரம் எசமான்... கண்டிப்பா வரும்.”

சவரிநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் ராஜகோபாலன் பைனாகுலரைத் தந்திக் கம்பத்தை விட்டு நகர்த்தவில்லை. ஸ்ரீரங்கத்துக்காரரான அவருக்குப் பறவைப் பைத்தியம் உண்டு. அதை நம்பித்தான் சவரிநாதன் காலில் விழுந்து அவரை எடமலைப்பட்டி புதூருக்குக் கூட்டி வந்திருந்தார்.

ஆகஸ்ட் போராட்டத்தில் ஊரெங்கும் தந்திக் கம்பி அறுபட்ட நேரம். ஓட்டை விழுந்த இந்த மரக் கம்பத்தடியில், கையெல்லாம் மரத்தூளோடு நின்றான், கம்பத்தைச் சாய்க்கத் துளை போட்டான் என்று சவரிநாதனின் மகன் அற்புதசாமியைப் பிடித்துவிட்டார்கள். விடிந்தால் கோர்ட். பிரம்படி நிச்சயம் என்றார்கள்.

“மரங்கொத்தி இவ்ளோ பெரிய ஓட்டை போடுமாய்யா?”

“இது பெரிய மரங்கொத்திங்க. ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திருக்கு. பய பாவம், ஒண்ணும் அறியாதவன்.”

டொக் டொக். பொன்முதுகும் சிவப்புக் கொண்டையுமாக ஒரு பறவை கம்பத்தில் ஒட்டிக்கொண்டது.

“அதோ எசமான்! அதோ!”

“கத்தாதேய்யா. இது சாதா மரங்கொத்தி. பின்கழுத்து கருப்பா இருக்கு பாரு. இது கொத்தி இந்த ஓட்டை விழணும்னா, உன் பேரன் வந்துதான் பாக்கணும்.”

அவர் சைக்கிளைத் திருப்பினார். சவரிநாதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அழுதார். “மாதாவே... இருக்கறது ஒரே புள்ளைங்க!”

“விடுய்யா கையை.”

அப்போதுதான் கனமாக ஒரு கொத்தல் கேட்டது. முன்னதைவிடப் பெரிய பறவை. நீண்ட அலகு. கொத்தக் கொத்த மரச் செதில்கள் கீழே சிதறின.

ராஜகோபாலன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டார். “பின்கழுத்து வெள்ளை! முதுகு வரைக்கும் வெள்ளை! இதைப் பாக்கத்தானேய்யா நான் காடு காடா அலைஞ்சேன்!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “வா. உன் புள்ளையை விட்டுடச் சொல்றேன்.”

சாயங்காலம் லாக்கப்பிலிருந்து அற்புதசாமி நொண்டிக்கொண்டே வந்தான். இருவரும் காந்தி மார்க்கெட்டைத் தாண்டினார்கள்.

“ரொம்ப அடிச்சாங்களா தம்பி?” மகன் முகத்தைப் பார்க்காமலே கேட்டார் சவரிநாதன்.

“அடிச்சாங்க. உங்க பேரைச் சொல்லலப்பா.”