நான்காம் சீட்டு

பனிக்காலம், நோன்பிருப்பவர் முகம்போல் வெளிறி, மௌனமாய்ச் சூழ்ந்திருந்தது. போர்விமான அருங்காட்சியகத்துக்கு எனக்கும் மனைவிக்கும் மகளுக்குமாக மூன்று சீட்டுகள் பதிவுசெய்தேன். நான்கு வந்தன. நான்காவதில் பெயரில்லை, வயது இருபத்தெட்டு. ரத்துசெய்து மீண்டும் பதிந்தேன், மீண்டும் நான்கு.

மனைவியின் முதல் கணவர் இருபத்தெட்டு வயதில் மறைந்த விமானி. அவர் ஓட்டிய விமானம் அங்கேதான் நிற்கிறது. ஐம்பதைத் தொட்ட எனக்கு அந்த வயதின்மேலேயே வயிற்றெரிச்சல்.

"அவர விட்டுட்டுப் போகலாம்னு பாத்தீங்களாக்கும்!" என்று சீட்டுகளைப் பார்த்து மனைவி சிரித்தாள். "செத்தவர்மேல என்னங்க பொறாமை?"

அவளும் மகளும் கடைக்குப் போனபின், அலமாரிக்குப் பின்னால் நானே ஒளித்துவைத்த அவர் படத்தை எடுத்துத் துடைத்தேன். கூடத்தில் மாட்டிக் கைகூப்பினேன்.

"ரெண்டு பேரையும் நல்லா பாத்துக்கறீங்கண்ணா," என்றது ஓர் இளங்குரல். "நூறு வருஷம் நல்லா இருங்க."