ருசி பார்க்காத கலவை

கோடைப் பானங்களை எடுத்துவிட்டு, இலையுதிர்காலத்துக்குப் புது காக்டெயில் தேர்வு செய்யும் நாள். பானம் கலக்கும் வேலையிலிருந்த டெலியா கலக்கிய கோப்பையை, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்து பார் முதலாளி வென்டெல் தொடக்கூட இல்லை.

"ஸ்ட்ராவை உள்ள விட்டு ஒரு சொட்டாவது ருசி பாத்தியா? ஒரு வாரமா மோந்து மோந்துதான் பாக்குறே. நீயே குடிக்கப் பயப்படுறதை என் கஸ்டமருக்கு ஊத்துவியா?"

"ஆப்பிள் சாறு, பட்டை, போர்பன் விஸ்கி. எல்லாம் அளவாத்தான் இருக்கு, வென்டெல்."

"உன் மூக்குக்கா சம்பளம் குடுக்குறேன்? ருசி பாரு, இல்லேன்னா கிளம்பு!"

டெலியா ஏப்ரனைக் கழற்றிக் கவுண்டரில் வீசினாள். அதன் பையிலிருந்து ஒரு வெண்கலக் காசு உருண்டு வந்தது. வென்டெல் எடுத்துப் பார்த்தார். குடியை விட்டவர்களுக்கு, விட்டு எத்தனை ஆண்டு என்று பொறித்து, அவர்கள் சங்கத்தில் கொடுப்பது. 'ஆறு ஆண்டுகள்' என்றிருந்தது.

வென்டெல் ஸ்ட்ராவைத் தானே கோப்பையில் விட்டு உறிஞ்சினார்.

"பட்டை கொஞ்சம் தூக்கல். ஏப்ரனைக் கட்டு."