தேடல் பொருத்தம்

ஜாதகம் பொருந்தியதும், எல்லாரும் கேட்பதுபோல மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக் கம்ப்யூட்டரின் தேடல் வரலாற்றையும் கேட்டார்கள். மதுவந்தியின் அம்மா கோமளா முந்தின நாளே எல்லாவற்றையும் அழித்திருந்தாள். ஆனால் மாப்பிள்ளையின் அக்கா தன் கருவியைச் செருகியதும், அழித்த தேடல்களெல்லாம் மீண்டு வந்து சுவர்த்திரையில் விரிந்தன.

முதலில் ரயில் நேரம் தேடியது வந்தது, முழங்கால் வலிக்கு எண்ணெய் தேடியது வந்தது. பிறகு ஒரே தேடல் திரும்பத் திரும்ப வந்தது: 'தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகை வீடு, தெரிந்தவர்கள் இல்லாத ஊரில்.'

"இதைத் தேடினது யாருங்க?" என்றாள் அக்கா.

மதுவந்தியின் அப்பா மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். காபித் தட்டோடு நின்ற கோமளாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான்தான்," என்றாள் மதுவந்தி.

வந்தவர்கள் கோபப்படவில்லை. பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். அப்பா யாரையும் ஒரு வார்த்தை திட்டாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மாவும் மகளும் பாத்திரம் கழுவினார்கள். தனக்கு அழுகை வரும் என்று மதுவந்தி காத்திருந்தாள். வரவில்லை.

"எதுக்குடி அப்படிச் சொன்னே?"

"வீடு கிடைச்சுதாம்மா?"

கோமளா குழாயை மூடினாள். "ஒண்ணு இருக்கு. ஒரே ரூம்தான்."

"ரெண்டு பேர் படுக்கலாமா?"

கோமளா கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நெருக்கிப் படுத்தா போதும்," என்றாள்.