செவலை நின்ற நிலை

நாய்க் கண்காட்சிப் பந்தலில் இரண்டு சிப்பிப்பாறை நாய்கள் பக்கம் பக்கமாக நின்றன. ஒன்று செவலை, மற்றது கருப்பு. பந்தலுக்கு அப்பால் சோளம் அறுத்த காடு வெட்டவெளியாகக் கிடந்தது. செவலையின் கண் அங்கேயே இருந்தது.

"அப்படி என்னத்தைப் பார்க்கிற?" என்றது கருப்பு.

"ஒரே ஒரு தடவை அந்தக் கோடி வரைக்கும் ஓடிப் பார்க்கணும். நான் இதுவரைக்கும் ஓடினதே இல்ல. தினமும் காலையில கண்காட்சிக்கு நிக்கத்தான் பழக்குறாங்க."

அதற்குள் யாருடைய நாய் அசல் வேட்டை நாய் என்று வளர்த்தவர்கள் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது.

"நெஞ்சு இறங்கி இருந்தாத்தான்யா ஓட்டம் வரும்!" என்றார் செவலையை வளர்த்த பேச்சிமுத்து.

"நெஞ்சா ஓடுது? இடுப்புய்யா ஓடுறது! உம்ம நாய் கலப்பு!" என்றார் கருப்பை வளர்த்த வேலாயுதம்.

இரண்டு கையையும் வீசிப் பேசவேண்டியிருந்ததால் பேச்சிமுத்து கயிற்றைக் கீழே போட்டார். வேலாயுதமோ கருப்பின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தார்.

"உன் கயிறு தரையில கிடக்கு. ஓடு! எனக்கும் சேர்த்து ஓடு!" என்று கருப்பு கெஞ்சியது.

செவலை காட்டைப் பார்த்தது. முன்னங்கால் நேராக ஊன்றியது, பின்னங்கால் பின்னுக்குப் போனது, தலை நிமிர்ந்தது. பழகியபடி அப்படியே நின்றுவிட்டது.

இருவரும் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள்.

"கயிறே இல்லாம எப்படி நிக்குது பாரும்!" என்றார் பேச்சிமுத்து.

"இதை ஒத்துக்கிறேன்யா, அசல் வேட்டை நாய்தான்," என்றார் வேலாயுதம்.

செவலையின் பின்னங்கால் சதை துடித்துக்கொண்டிருந்ததைக் கருப்பு மட்டும் பார்த்தது.