மூன்றாவது லைனில் கலைமணி

திருப்பூரில் பனியன் தைக்கும் கலைமணிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். கால் மரத்துப்போகும்போதெல்லாம் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். கால் சரியாகிவிடும். ஆனால் முகம் உப்பும், தூக்கம் போய்விடும், காரணமில்லாமல் கோபம் பொங்கும். போன முறை அந்தக் கோபத்தில் பக்கத்து மிஷின் சபுராவை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்துவிட்டாள்.

இந்த முறை நர்ஸ் கேட்டார்: "பக்கவிளைவைப் பங்கு போட்டுக்க ஆள் இருக்காங்களா? வேண்டியவங்க வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

"எனக்கு யாருமில்லீங்க."

மருந்து முடிந்தது. கால் ஊன்றி நின்றது. முகம் உப்பவில்லை, தூக்கமும் கெடவில்லை. ஒன்றும் புரியாமல் வேலைக்குப் போனாள்.

அவள் தைக்கும் மூன்றாவது லைனில், அந்த மிஷின் வரிசையில் இருந்த மற்ற பதினொரு பெண்களுக்கும் கன்னம் லேசாக உப்பியிருந்தது. சபுராவின் கண்கள் சிவந்திருந்தன.

"நாங்களே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டோம்க்கா. தூக்கம் கெடுறதுல பெரும்பங்கு எனக்கு. இதோடயா இத்தனை வருசம் வேலைக்கு வந்தீங்க?"

"கோபம்?" என்றாள் கலைமணி.

"ஆளுக்குக் கொஞ்சம். அதான் சூப்பர்வைசர் இந்தப் பக்கமே வரலை."

கலைமணி லைனின் கடைசிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நின்றாள்.