காலியாக விடலாமா?

பிறப்புத் தகவல்களை மருத்துவமனைகள் எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்று கணினிக்கு விவரிக்கும் மொழி ஒன்றை அந்தக் கூட்டத்தில் முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

"‘இந்தக் கட்டத்தைக் காலியா விடலாம்’னு ஒரு குறி சேருங்க சார்" என்றாள் மருத்துவமனை சார்பில் வந்தவள்.

தலைமை வடிவமைப்பாளர் சீறினார். "முடியாது! எல்லாத்தையும் நிரப்பணும். ஒரே விதி. அப்பதான் மொழி எளிமையா இருக்கும்."

"அப்பா பேரையுமா?"

"பின்னே? குழந்தை வானத்துலேருந்தா குதிக்குது? நாலு பேருக்காக மொழியை வளைச்சா கோணலாப் போயிடும். உட்காருங்க!"

அவள் உட்காரவில்லை. நேராக அவர் நாற்காலியருகே வந்து குனிந்தாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"‘அது என் குழந்தையே இல்லை’ன்னு ஃபோனை வெச்சீங்களே, அந்தக் குழந்தையை இன்னும் பதிவு பண்ணலை. அப்பா பேர் கட்டாயம்னா உங்க பேரைத்தான் எழுதணும். எழுதிடவா?"

அவர் சட்டென்று எழுந்துபோய்ப் பலகையில் அந்தக் குறியைத் தன் கையாலேயே எழுதினார்.

"கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கறதுல தப்பில்லை" என்றார், யாரையும் பார்க்காமல்.

"சாருக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்று எல்லோரும் கைதட்டினார்கள்.